சி புரோகிராமில் பெயரைக் கொடுத்து முகவரி வாங்கும் முறை

பல்லடம் தறிக்குடோனில் மீட்டர் எண்ணும் பெட்டி, திருப்பூரில் நிட்டிங் மெஷினின் சுற்றை எண்ணும் பெட்டி, பீளமேட்டுப் பட்டறையில் பம்ப் சோதிக்கும் பெஞ்ச். இப்படிப் பல இடங்களில் ஒரு சின்ன லினக்ஸ் போர்டும், கணக்கை ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும் ஒரு சி புரோகிராமும் இருக்கும். சர்வர் எங்கே என்று எழுத வேண்டிய இடத்தில் 192.168.10.5 என்று எண்ணையே எழுதி விடுகிறவர்கள் அதிகம். ரவுட்டரை மாற்றும் நாள் வரை ஒரு வெசனமும் இல்லை. மாற்றிய அன்று முப்பது பெட்டியையும் திறந்து புரோகிராமை மறுபடி ஏற்ற வேண்டும். சர்வருக்கு ஒரு பெயர் வைத்து, புரோகிராம் ஓடும்போது அந்தப் பெயருக்கு முகவரி கேட்டு வாங்கினால் அந்த வேலை மிச்சம். அதற்குரிய ஃபங்ஷன் கெட்அட்ர்இன்ஃபோ. அதைத் தப்பில்லாமல் செய்வது எப்படி என்பதுதான் இங்கே.

எழுத்துக்கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒட்டி அடிக்க வேண்டும். கெட்அட்ர்இன்ஃபோவில் நடுவில் வரும் ‘அட்ர்’ நாலே எழுத்து: ஏ, டி, டி, ஆர். ஏஐ_, ஏஎஃப்_, ஈஏஐ_, என்ஐ_ என்று தொடங்கும் மாறிலிகள் எல்லாம் பெரிய எழுத்து.

பழைய பாடப் புத்தகங்களில் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற ஃபங்ஷன் இருக்கும். அதைத் தொடாதீர்கள். 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது அது. ஐபிவி6 என்ற புது முகவரி முறை வந்த பிறகு அதற்கு ஏற்ற மாதிரி வளரவில்லை. பதிலை உள்ளே இருக்கும் ஒரே பொதுத் தொட்டியில் போட்டுத் தருவதால் இரண்டு த்ரெட் (ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் கேட்டால் ஒன்றின் பதிலை இன்னொன்று அழித்துவிடும். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரம் 2001-இல் அதை வழக்கொழிந்தது என்று குறித்து, 2008-இல் நீக்கியே விட்டது. கிளிப்சி என்ற, லினக்ஸின் வழக்கமான சி நூலகத்தில் அந்த ஃபங்ஷன் வழியாக வரும் ‘கோஸ்ட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை 2015 ஜனவரியில் வெளியானது. புது ஃபங்ஷனும் சாமியார் இல்லை: கெட்அட்ர்இன்ஃபோவிலும் ஒரு பெரிய ஓட்டை 2016 பிப்ரவரியில் வெளியாகி அடைக்கப்பட்டது. ஆகவே போர்டில் இருக்கும் லினக்ஸ் அதற்கு முந்தைய காலத்தது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

ஒரு பெயர், பல முகவரி

கொங்கு நாட்டில் பஸ் ஏறி “கவுண்டம்பாளையம் ஒன்னு” என்று கேட்டால் கண்டக்டர் எந்தக் கவுண்டம்பாளையம் என்று திருப்பிக் கேட்பார். அந்தப் பேரில் ஊர் ஒன்றல்ல. நெட்வொர்க் பெயரும் அப்படித்தான். ஒரு பெயருக்கு இரண்டு ஐபிவி4 முகவரி, ஒரு ஐபிவி6 முகவரி என்று இருக்கலாம். கெட்அட்ர்இன்ஃபோ திருப்பித் தருவது ஒரு முகவரியை அன்று, ஒரு சங்கிலியை. முதல் கண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிற புரோகிராம்தான் ‘உங்க கம்ப்யூட்டர்ல ஓடுது, எங்க பெட்டியில ஓடலை’ என்ற சண்டைக்கு முக்கால்வாசிக் காரணம்.

தயாரிப்பு

சிஸ்/டைப்ஸ், சிஸ்/சாக்கெட், நெட்டிபி ஆகிய மூன்று ஹெடர்கள் போதும். முகவரியை எழுத்தாக மாற்ற அர்ப்பா/ஐநெட், சாக்கெட்டை மூட யூனிஎஸ்டிடி, சரங்களுக்கு ஸ்ட்ரிங். தனியாக எந்த நூலகத்தையும் லிங்க் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸில் என்றால் டபிள்யூஎஸ்2டிசிபிஐபி ஹெடர், டபிள்யூஎஸ்2_32 நூலகம், எல்லாவற்றுக்கும் முன்னால் டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்அப் அழைப்பு.

கம்பைல் செய்யும்போதே ஒரு முட்டுக்கட்டை வரும். ஜிசிசியில் ‘எஸ்டிடி=சி99’ அல்லது ‘சி11’ என்று கறாராகக் கொடுத்தால், ஹிண்ட்ஸ் மாறியின் அளவு தெரியவில்லை என்று திட்டும். காரணம், அட்ர்இன்ஃபோ என்ற ஸ்ட்ரக்ட் சி மொழியின் தரத்தில் இல்லை, போசிக்ஸில்தான் இருக்கிறது. கறாரான சி கேட்டால் ஹெடர் அதை மறைத்துக்கொள்ளும். எல்லா ஹெடருக்கும் மேலே _போசிக்ஸ்_சி_சோர்ஸ் என்பதை 200112எல் என்று வரையறுத்தால் ஸ்ட்ரக்ட் தெரியும். ஆனால் பின்னால் வேண்டியிருக்கும் என்ஐ_மேக்ஸ்ஹோஸ்ட் அப்போதும் தெரியாது. அதற்கு _டிஃபால்ட்_சோர்ஸ் வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வைப்பதைவிட ‘எஸ்டிடி=ஜிஎன்யூ11’ என்று கொடுத்துவிடுவது எளிது.

ஹிண்ட்ஸ் நிரப்புவது

ஹிண்ட்ஸ் என்பது எந்த மாதிரி முகவரி வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அட்ர்இன்ஃபோ ஸ்ட்ரக்டில் ஒரு மாறியை அறிவித்து, முதல் வேலையாக மெம்செட் கொண்டு முழுவதையும் 0 ஆக்குங்கள். ஸ்டேக்கில் கிடக்கும் குப்பை ஏஐ_ஃபிளாக்ஸில் மாட்டினால் ஈஏஐ_பேட்ஃபிளாக்ஸ் பிழை வரும். பத்துத் தடவை ஓடி, பதினோராவது தடவை வரும் வகைப் பிழை இது. தேடியே பொழுது போய்விடும்.

பிறகு இரண்டு புலங்களை நிரப்பினால் போதும். ஏஐ_ஃபேமிலிக்கு ஏஎஃப்_அன்ஸ்பெக், ஐபிவி4 ஆனாலும் 6 ஆனாலும் சரி என்று பொருள். ஏஐ_சாக்டைப்புக்கு டிசிபி என்றால் சாக்_ஸ்ட்ரீம், யுடிபி என்றால் சாக்_டிகிராம். இந்த இரண்டாவதை 0 ஆகவே விட்டால் லினக்ஸில் ஒவ்வொரு முகவரியும் மும்முறை வரும்: டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று, ரா சாக்கெட்டுக்கு ஒன்று. ‘ஒரே முகவரி ஏன் மூணு தடவை அச்சாகுது’ என்ற கேள்விக்கு விடை இதுதான்.

ஏஐ_ஃபிளாக்ஸில் ஏஐ_அட்ர்கான்ஃபிக் என்ற கொடியைச் சேர்க்கலாம். போர்டில் ஐபிவி6 முகவரியே இல்லாதபோது ஐபிவி6 பதில்களைத் தள்ளிவிடும். ஆனால் அதில் ஒரு கொக்கி உண்டு. ஃபேமிலியை ஏஎஃப்_ஐநெட் என்று குறுக்கி, இந்தக் கொடியையும் போட்டு, கேபிளில் இன்னும் முகவரி ஏறாத நேரத்தில் கேட்டால், கிளிப்சி, பெயருக்கு முகவரி சொல்லும் நேம்சர்வரைக் கேட்காமலே ‘பெயர் இல்லை’ என்று சொல்லிவிடும். பெயர் இருக்கிறது, நம் பெட்டிக்குத்தான் இன்னும் முகவரி கிடைக்கவில்லை.

அழைப்பு

கெட்அட்ர்இன்ஃபோவுக்கு நாலு அளவுருக்கள்: பெயர்ச் சரம், போர்ட் சரம், ஹிண்ட்ஸின் முகவரி, பதில் வந்து உட்கார வேண்டிய பாயின்டரின் முகவரி.

போர்ட் என்பது சரம்; “8080” என்று மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். வெறும் 8080 என்று எண்ணாகக் கொடுத்தால் கம்பைலர் முணுமுணுக்கும். பழைய ஜிசிசியில் அது எச்சரிக்கையோடு நின்றுவிடும். ஓட விட்டால் மெமரியின் 8080-ஆவது இடத்தைச் சரம் என்று நினைத்துப் படிக்கப் போய் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழும். “எச்டிடிபி” போன்ற பெயரும் கொடுக்கலாம். /இடிசி/சர்வீசஸ் ஃபைலைப் பார்த்து 80 ஆக்கிக்கொள்ளும். இளைத்துச் சுருக்கிய போர்டு லினக்ஸில் அந்த ஃபைலே இருக்காது, அப்போது ஈஏஐ_சர்வீஸ் பிழை வரும். எண்ணே கொடுத்து, ஏஐ_நியூமரிக்செர்வ் கொடியையும் போட்டுவிடுங்கள்.

பெயர்ச் சரத்தில் நடக்கும் தப்பு வேறு மாதிரி. சர்வர் பெயரைக் கான்ஃபிக் ஃபைலில் வைத்து எஃப்கெட்ஸ் கொண்டு படித்தால், வரியின் கடைசியில் இருக்கும் புதுவரிக் குறியும் சேர்ந்தே வரும். பிரிண்ட்எஃப் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. பெயர் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும், பதில் மட்டும் ‘பெயர் இல்லை’. ஃபைலை விண்டோஸ் நோட்பேடில் திருத்தியிருந்தால் அதற்கு முன்னால் கேரேஜ் ரிட்டர்ன் ஒன்றும் ஒட்டியிருக்கும். ஸ்ட்ரிங் ஹெடரில் இருக்கும் ஸ்ட்ர்சிஸ்பன் கொண்டு இரண்டு குறிகளில் எது முதலில் வந்தாலும் அந்த இடத்தில் 0 வைத்து வெட்டுங்கள். பிழைச் செய்தியில் பெயரை அடைப்புக்குறிக்குள் அச்சிட்டால் இந்த மாதிரி ஒட்டுண்ணி உடனே அகப்படும்: மூடும் குறி அடுத்த வரியில் போய் விழும்.

திரும்பி வரும் எண் 0 என்றால் வெற்றி. மற்ற எதுவாக இருந்தாலும் அந்த எண்ணை ஜிஏஐ_ஸ்ட்ரெரருக்குக் கொடுத்து வரும் செய்தியை அச்சிடுங்கள். இங்கே பெர்ரர் போடக் கூடாது. பெர்ரர், எர்நோ என்ற பொதுப் பிழை மாறியைப் படித்து அச்சிடும் ஃபங்ஷன்; கெட்அட்ர்இன்ஃபோ தன் பிழையை அதில் வைப்பதில்லை. பெர்ரர் போட்டால் ‘சக்சஸ்’ என்றோ, சம்பந்தமில்லாத பழைய பிழை ஒன்றையோ காட்டும். ஈஏஐ_சிஸ்டம் என்ற ஒன்றுக்கு மட்டும் எர்நோவைப் பார்க்கலாம்.

ஈஏஐ_நோநேம், லினக்ஸில் -2: பெயர் கிடைக்கவில்லை. ஈஏஐ_அகெய்ன், -3: இப்போதைக்குப் பதில் இல்லை, அப்புறம் கேள். ஈஏஐ_ஃபெயில், -4: நேம்சர்வர் பக்கம் திருத்த முடியாத தப்பு. எண்ணை வைத்து ஒப்பிடாமல் பெயரை வைத்து ஒப்பிடுங்கள்; விண்டோஸில் எண்கள் வேறு.

இவற்றில் நம்மூருக்கு ரொம்ப வேண்டியது ஈஏஐ_அகெய்ன். கரண்ட் போய் வருகிறது. போர்டு பத்து விநாடியில் எழுந்து விடுகிறது. ரவுட்டரும் ஸ்விட்சும் எழுந்து நிற்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் முகவரி கேட்டால் ஈஏஐ_அகெய்ன்தான் வரும். பிழை வந்ததும் எக்ஸிட் ஆகிற மாதிரி எழுதிய புரோகிராம் அங்கேயே செத்துப் போய், ஷிஃப்ட் முழுவதும் கணக்கில்லாமல் போகும். 2 விநாடி, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 60 விநாடியில் நிறுத்தி, அதற்கு மேல் 60-க்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஏஐ_அட்ர்கான்ஃபிக் கொக்கியை மேலே சொன்னோம். அதனால் ஆளில்லாத பெட்டியில் ஈஏஐ_நோநேம் வந்தாலும் விட்டுவிடாமல் இதே கணக்கில் திரும்பக் கேட்பதுதான் நல்லது.

சங்கிலியைச் சுற்றுவது

பதில் பாயின்டரை ரெஸ் என்று வைத்துக்கொள்வோம். பி என்ற இன்னொரு பாயின்டரை ரெஸ்ஸில் தொடங்கி, ஏஐ_நெக்ஸ்ட் வழியாக ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டர்) வரும் வரை நகர்த்துங்கள். ஒவ்வொரு கண்ணியிலும்: அதன் ஏஐ_ஃபேமிலி, ஏஐ_சாக்டைப், ஏஐ_புரோட்டோகால் மூன்றையும் அப்படியே சாக்கெட்டுக்குக் கொடுங்கள். -1 வந்தால் அடுத்த கண்ணி. சாக்கெட் கிடைத்தால் ஏஐ_அட்ர், ஏஐ_அட்ர்லென் இரண்டையும் கனெக்ட்டுக்குக் கொடுங்கள். கனெக்ட் தோற்றால் அந்தச் சாக்கெட்டை மூடி, மாறியை -1 ஆக்கி, அடுத்த கண்ணி. வென்றால் லூப்பை விட்டு வெளியே. வெளியே வந்ததும் ஃப்ரீஅட்ர்இன்ஃபோவை ரெஸ்ஸுக்கு ஒரே ஒரு தடவை அழையுங்கள், பி-க்கு அல்ல. பி நடுக்கண்ணியில் நின்றிருக்கும், அதைக் கொடுத்தால் மெமரி கெடும். விடுவித்த பிறகு பி-யைத் தொடவும் கூடாது. வென்ற முகவரியைப் பதிவில் எழுத வேண்டுமானால் விடுவிப்பதற்கு முன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

தோற்ற சாக்கெட்டை மூட மறப்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். லினக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைல்களுக்கு வழக்கமான வரம்பு 1024. சர்வர் அணைந்து கிடக்க, நிமிடத்துக்கு ஒரு முயற்சி, முயற்சிக்கு ஒரு சாக்கெட் கசிந்தால், ஏறத்தாழ 17 மணி நேரத்தில் தொட்டி நிரம்பிவிடும். சாயங்காலம் சர்வரை அணைத்துவிட்டு மறுநாள் மத்தியானம் போட்டால், போர்டு ‘திறந்த ஃபைல்கள் அதிகம்’ என்று முரண்டு பிடிக்கும். வாரம் ஒரு நாள் விடுமுறைக்குப் பிறகு திங்கட்கிழமை மட்டும் பெட்டி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

செத்த முகவரியில் கனெக்ட் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லேனுக்குள் இல்லாத எண் என்றால் ஏறத்தாழ 3 விநாடியில் பிழை வந்துவிடும். ரவுட்டருக்கு அப்பால் பதிலே பேசாத முகவரி என்றால் லினக்ஸின் வழக்கமான அமைப்பில் சுமார் 2 நிமிடம் தொங்கும். சாக்கெட்டை நான்-பிளாக்கிங் (காத்து நிற்காத வகை) ஆக்கி, கனெக்ட் செய்து, ‘போல்’ என்ற ஃபங்ஷனில் 3000 மில்லிவிநாடி காத்திருந்து, கெட்சாக்ஆப்ட் வழியாக எஸ்ஓ_எரரைப் பார்ப்பது சரியான வழி.

சங்கிலியின் வரிசையை நாம் கலைக்க வேண்டாம். எந்த முகவரி முதலில் என்பதற்கு 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6724 என்ற இணையத் தர ஆவணம் விதி வைத்திருக்கிறது. அதன்படி நூலகமே அடுக்கித் தருகிறது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கேட்டால் பல கணினிகளில் முதலில் ::1, பிறகு 127.0.0.1 வரும். சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்தால் முதல் முயற்சி மறுக்கப்படும். லூப் இருந்தால் இரண்டாவதில் பிடித்துக்கொள்ளும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. லூப் இல்லாதவர் சர்வரைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பார்.

சர்வர் பக்கம் எழுதுகிறவர்களுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான்: பெயருக்கு நல், கொடியில் ஏஐ_பாஸிவ், கனெக்ட்டுக்குப் பதில் பைண்ட். பெயர் கொடுத்துவிட்டால் ஏஐ_பாஸிவ் மதிக்கப்படாது.

முகவரியிலிருந்து பெயர்

கெட்நேம்இன்ஃபோ எதிர்த்திசை. முகவரியும் அதன் நீளமும், பெயருக்கு ஒரு தொட்டியும் அளவும், போர்ட்டுக்கு ஒரு தொட்டியும் அளவும், கொடிகள் என்று ஏழு அளவுருக்கள். என்ஐ_மேக்ஸ்ஹோஸ்ட் 1025, என்ஐ_மேக்ஸ்செர்வ் 32. தொட்டிகளை அந்த அளவில் வைத்தால் எதுவும் வழியாது. அக்செப்ட்டுக்குக் கொடுக்கும் முகவரி மாறி சாக்அட்ர்_ஸ்டோரேஜ் வகையாக இருக்கட்டும். சாக்அட்ர்_இன் வைத்தால் ஐபிவி6 முகவரி பாதியில் வெட்டுப்படும்.

லாக் எழுத என்றால் என்ஐ_நியூமரிக்ஹோஸ்ட், என்ஐ_நியூமரிக்செர்வ் இரண்டும் கட்டாயம். இல்லாவிட்டால் ஒவ்வொரு இணைப்புக்கும் நேம்சர்வரிடம் ‘இந்த எண் யாருடையது’ என்று கேட்கப் போகும், உள்ளூர் 192.168 எண்களுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாத ஆபீஸில் ஒவ்வொரு இணைப்பும் பல விநாடி தேங்கும். முப்பது தறி ஒரே நேரத்தில் பேச வந்தால் சர்வர் உறைந்த மாதிரி நிற்கும், சிபியு சும்மா இருக்கும். தலைகீழ்ப் பெயரை வைத்து யாரையும் உள்ளே விடாதீர்கள்: அந்தப் பதிவை எழுதுவது அந்த முகவரிக்கு உரியவர், என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

தேடல் இல்லாமல் எழுத்தை எண்ணாக்க ஐநெட்_பிடிஓஎன், எண்ணை எழுத்தாக்க ஐநெட்_என்டிஓபி. முன்னது சரியென்றால் 1, முகவரி வடிவம் தப்பென்றால் 0, வகையே தெரியாவிட்டால் -1 தரும். ‘பூஜ்யம் என்றால் வெற்றி’ என்ற பழக்கத்தில் எழுதினால் தலைகீழாகிவிடும். எழுத்துக்கான தொட்டி ஐபிவி4-க்கு 16 பைட், ஐபிவி6-க்கு 46. போர்ட்டை நாமே சாக்அட்ரில் எழுதினால் பைட் வரிசையை மாற்றித் தரும் எச்டிஓஎன்எஸ் போட மறக்கக் கூடாது. மறந்தால் 8080 என்பது 36895 ஆகிவிடும். நெட்ஸ்டாட்டில் யாருக்கும் தெரியாத 36895 தென்பட்டால் எங்கே விட்டோம் என்று தெரிந்துவிடும்.

முன்பூஜ்யம் இன்னொரு பொறி. மூன்று இலக்கமாக 192.168.010.005 என்று காட்டும் இயந்திரப் பேனல்கள் உண்டு. அதைப் பார்த்து அப்படியே கான்ஃபிக்கில் எழுதுகிறார்கள். கெட்அட்ர்இன்ஃபோவும் பழைய ஐநெட்_அட்ரும் முன்னால் பூஜ்யம் இருந்தால் அதை எட்டடிமான (ஆக்டல்) எண் என்று எடுத்துக்கொள்ளும்: 010 என்பது 8. நீங்கள் நினைத்தது 192.168.10.5, போய்ச் சேர்வது 192.168.8.5. கிளிப்சியின் ஐநெட்_பிடிஓஎன் இந்த மாதிரி எழுத்தை ஒத்துக்கொள்ளாமல் 0 தந்துவிடும். எண் முகவரியைப் பயனரிடம் வாங்குகிற இடத்தில் முதலில் அதை வைத்துச் சோதிப்பது நல்லது.

தேடல் போகும் தடம்

பெயர் கிடைக்கவில்லை என்றதும் பலர் என்எஸ்லுக்அப் அல்லது டிக் போட்டுப் பார்க்கிறார்கள். ‘அங்கே வருது, புரோகிராம்ல வரலை’ என்று குழம்புகிறார்கள். அந்தக் கருவிகள் நேராக நேம்சர்வரிடம் போய்விடும். நம் புரோகிராம் போகும் தடம் வேறு: கிளிப்சி முதலில் /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் ஃபைலில் ‘ஹோஸ்ட்ஸ்’ வரியைப் படிக்கும். அங்கே ‘ஃபைல்ஸ் டிஎன்எஸ்’ என்றிருந்தால் முதலில் /இடிசி/ஹோஸ்ட்ஸ், அதில் இல்லாவிட்டால் /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் சொல்லும் நேம்சர்வர். இதே தடத்தில் போய்ப் பார்க்க ‘கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்’ என்று அடித்து பெயரைக் கொடுங்கள். அது உள்ளே கெட்அட்ர்இன்ஃபோவையே அழைக்கிறது. அதில் வருவதுதான் உங்கள் புரோகிராமுக்கும் வரும்.

ரிசால்வ்.கான்ஃபில் முதல் 3 நேம்சர்வர்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு 5 விநாடி, முயற்சி 2. முதல் நேம்சர்வர் செத்திருந்தால் ஒவ்வொரு தேடலும் 5 விநாடி தாமதமாகும். இருக்கும் ஒன்றே ஒன்று செத்திருந்தால் 10 விநாடி கழித்துத்தான் பிழை வரும். ‘ஆப்ஷன்ஸ் டைம்அவுட்:1’ என்று ஒரு வரி சேர்த்தால் இது குறையும். நேம்சர்வர் நன்றாக இருந்தும் தேடல் சரியாக 5 விநாடி பிடித்தால் சந்தேகம் ரவுட்டர் மேல்: ஏஎஃப்_அன்ஸ்பெக் கேட்டால் ஐபிவி4, ஐபிவி6 கேள்விகள் இரண்டும் ஒரே சாக்கெட்டில் அடுத்தடுத்துப் போகும், சில மலிவு ரவுட்டர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லி இன்னொன்றை விழுங்கிவிடும். ‘ஆப்ஷன்ஸ் சிங்கிள்-ரிக்வெஸ்ட்’ அல்லது ‘சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓப்பன்’ என்று போட்டால் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்கும்.

இன்னும் இரண்டு குழிகள். ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர் வைக்காதீர்கள். அது எம்டிஎன்எஸ் என்ற வேறு முறைக்கு ஒதுக்கப்பட்டது. உபுண்டு போன்றவற்றில் அந்தப் பெயர்கள் நேம்சர்வர் வரை போகாமலே நின்றுவிடும். தனியார் நெட்வொர்க்குக்கென்றே ‘.இன்டர்னல்’ 2024-இல் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதை வையுங்கள். அடுத்தது, தன் சொந்த முகவரியைத் தெரிந்துகொள்ள கெட்ஹோஸ்ட்நேம் கேட்டு அந்தப் பெயரைத் தேடுவது. டெபியன், உபுண்டு இரண்டிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கணினிப் பெயருக்கு நேராக 127.0.1.1 என்று எழுதியிருக்கும். அதுதான் பதிலாக வரும். அதைச் சர்வருக்கு அனுப்பினால் முப்பது பெட்டியும் ஒரே முகவரி சொல்லும். சொந்த முகவரிக்கு கெட்ஐஎஃப்அட்ர்ஸ் என்ற தனி ஃபங்ஷன் இருக்கிறது.

ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால் கிளிப்சி ஒரு எச்சரிக்கை கொடுக்கும்: கெட்அட்ர்இன்ஃபோவுக்கு ஓடும் இடத்திலும் அதே பதிப்பு நூலகங்கள் வேண்டும் என்று. அதை அலட்சியம் செய்து வேறு போர்டில் ஏற்றினால் தேடல் தோற்கும் அல்லது புரோகிராம் விழும். ஆல்பைன் லினக்ஸில் கிளிப்சிக்குப் பதிலாக இருக்கும் மசல் நூலகத்தை வைத்து ஸ்டாட்டிக்காகக் கட்டலாம். அது என்எஸ்ஸ்விட்ச் ஃபைலைப் பார்ப்பதே இல்லை.

எப்போது கேட்பது, எந்த த்ரெட்டில்

கெட்அட்ர்இன்ஃபோவுக்கு டைம்அவுட் அளவுரு கிடையாது. பதில் வரும் வரை அழைத்த த்ரெட் அங்கேயே நிற்கும். சென்சார் துடிப்பை எண்ணும் அதே லூப்பில் இதை அழைத்தால், அந்தப் பத்து விநாடியில் மெஷின் சுற்றிய சுற்று எல்லாம் கணக்கில் ஏறாது. கூலி பீஸ் கணக்கில் என்றால் அது பணத் தகராறு. எண்ணுவது ஒரு த்ரெட், அனுப்புவது ஒரு த்ரெட், நடுவில் ஒரு வரிசை என்று பிரியுங்கள். கெட்அட்ர்இன்ஃபோ த்ரெட்டுகளுக்குப் பாதுகாப்பானது. த்ரெட்டே வேண்டாம் என்றால் சி-ஏரெஸ் என்ற நூலகம் காத்திருக்காமல் தேடித் தரும்.

தேடலைப் புரோகிராம் தொடங்கும்போது ஒரு தடவை செய்து வைத்துக்கொள்வது, எண்ணை நேராக எழுதியதற்குச் சமம். இணைப்பு அறுந்து மறுபடி இணைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள். ரிசால்வ்.கான்ஃப் மாறினால் கிளிப்சி 2.26-இலிருந்து, அதாவது 2017 ஆகஸ்டிலிருந்து, தானாகவே திரும்பப் படிக்கும். அதற்கு முந்தைய பதிப்பில் ரெஸ்_இனிட் அழைக்க வேண்டும்.

தமிழில் எழுதிய பெயர்களும் உண்டு, ‘.இந்தியா’ என்று முடியும் முகவரிகள் அந்த வகை. அவற்றை அப்படியே கொடுத்தால் கிடைக்காது. _ஜிஎன்யூ_சோர்ஸ் வரையறுத்து, மெயினின் தொடக்கத்தில் செட்லோக்கேல் அழைத்து, ஏஐ_ஐடிஎன் கொடியைப் போட்டால் கிளிப்சி அதை நேம்சர்வர் புரிந்துகொள்ளும் எழுத்துக்கு மாற்றிக் கேட்கும். போர்டின் லோக்கேல் யுடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் இது வேலை செய்யாது.

பெட்டியைத் தறியில் மாட்டும் முன் மூன்று சோதனை

ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வர் பெயருக்கு இரண்டு வரி எழுதுங்கள், ஒன்று உயிருள்ள முகவரி, இன்னொன்று யாருக்கும் கொடுக்காத எண், /இடிசி/ஹோஸ்ட்.கான்ஃபில் ‘மல்ட்டி ஆன்’ இருக்கட்டும். கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸில் செத்த எண் முதலில் வருகிற மாதிரி எண்ணை மாற்றிப் பார்த்து, பிறகு புரோகிராமை ஓட்டுங்கள். சில விநாடிக்குள் இரண்டாவது முகவரிக்குத் தாவ வேண்டும்.

அடுத்து, அந்த இரண்டு வரியையும் நீக்கிவிட்டு ரிசால்வ்.கான்ஃபில் நேம்சர்வராக 192.0.2.1 மட்டும் கொடுங்கள். இது எடுத்துக்காட்டுக்கென்று ஒதுக்கிய எண், அங்கே யாரும் இல்லை. மெஷினை ஓட விட்டு, சுற்று எண்ணிக்கை தடைபடாமல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, நேம்சர்வரைச் சரியாக்கி, சர்வர் கணினியில் புரோகிராமை மட்டும் நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் /ப்ராக் அடியில் நம் புரோகிராமின் பிஐடி எண்ணுக்குள் இருக்கும் எஃப்டி ஃபோல்டரை எல்எஸ் செய்து எண்ணுங்கள். ராத்திரி எண்ணியதும் காலையில் எண்ணியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.